கதவு எண் இல்லாத வீடு

கண்ணு,

வழக்கமாக நான் உனக்கு எழுதுவது ஒரு தபால் கார்டு. வந்து சேர்ந்தேன், உடம்பைப் பார்த்துக்கொள், இவ்வளவுதான் அதில் இருக்கும். நாலு வரிக்கு மேல் எழுதத் தெரியாத அப்பன் என்று நீயே கிண்டல் செய்திருக்கிறாய். இந்தத் தடவை முழுத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு நம் மலை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து மூன்று தாள் கிழித்தாயிற்று. எதிர்வீட்டுப் பெரியம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, கோர்ட்டுக்கா எழுதற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

அடுத்த வாரம் நீ பம்பாய்க்கு ரயில் ஏறப்போகிறாய். நான் பார்த்த அதே கம்ப்யூட்டர் வேலைக்கு, என்னுடையதைவிடப் பெரிய இயந்திரத்துக்கு. உனக்கு அது சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் நீ மெட்ராஸ் ரூமுக்கு வந்து, பயிற்சியில் நீயே எழுதிய முதல் அசெம்பிளி புரோகிராமின் அச்சுத்தாளை, லிஸ்டிங்கை, என் முன்னால் விரித்தாயே, அன்றைக்கு நான் நடந்துகொண்டது உனக்குப் புரிந்திருக்காது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு வரியில் நின்றேன். "*+8" என்று எழுதியிருந்தாய். போய் விழுகிற வரிக்கு லேபிள் என்று ஒரு பெயர் வைக்காமல், இந்த இடத்திலிருந்து எட்டு பைட் தள்ளிக் குதி என்று அர்த்தம். சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். "இன்னாப்பா, தப்பா?" என்று கேட்டாய். "தப்பு இல்ல. ஓடும்" என்றேன். "அப்புறம் ஏம்ப்பா வட்டம்? ஒரு சின்ன குதிக்கு எதுக்கு ஒரு லேபிளு? எட்டுன்னு எண்ணத் தெரியாதா நமக்கு?" என்றாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, புது ஆட்கள் எழுதுவது பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. நீ சொன்னது என்னுடைய வாக்கியம். உன் வயதில் எங்கள் செக்‌ஷனில் எல்லார் காதும் கேட்க நான் சொன்னது, ஒரு சொல் மாறாமல்.

எங்கள் ஆபீஸ் சுவரில் சைக்ளோஸ்டைல் செய்த இரண்டு பக்கத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். புரோகிராமை எப்படி எழுத வேண்டும் என்ற விதிகள். லேபிள் முதல் கட்டத்தில் தொடங்க வேண்டும், எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் மூன்று எழுத்து அது எந்தப் பகுதி என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு எண், அதுவும் பத்துப் பத்தாக ஏற வேண்டும். நாளைக்கு வேறு ஒருவன் வந்து நடுவில் ஏதாவது சேர்ப்பான், அவனுக்கு இடம் விட்டு வை என்பதுதான் அந்தப் பத்துக்குக் காரணம். கட்டளை பத்தாவது கட்டத்தில், மற்றவை பதினாறில், வலது பக்கம் குறிப்பு. அந்தக் குறிப்பு என்ன செய்கிறாய் என்பதைச் சொல்லக் கூடாது, ஏன் செய்கிறாய் என்பதைச் சொல்ல வேண்டும். கடைசி விதிக்கு அடியில் மட்டும் கோடு போட்டிருந்தார்கள்: ஒரு இடத்துக்குக் குதிப்பதானால் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வை, பைட்டை எண்ணிக் குதிக்காதே. நான் அதைப் பார்த்துச் சிரித்தவன். மலையிலிருந்து இறங்கி, ஹாஸ்டலில் தங்கிப் படித்து, கம்ப்யூட்டர் படிக்கிற கார்டில் துளை போடுகிற வேலையில் சேர்ந்து, அங்கிருந்து புரோகிராமர் நாற்காலிக்கு ஏறியவன் நான். மனக்கணக்கிலேயே பைட்டை எண்ணுவேன் என்று எனக்குத் தலைக்கனம். லேபிள் என்பது கை நடுங்குகிறவனுக்கு ஊன்றுகோல் என்று பேசிக்கொண்டு திரிந்தேன்.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது அம்மா பரீட்சை எழுதியது ஞாபகம் இருக்கிறதா? மலைப் பள்ளிக்கூடங்களுக்கு மலைப்பெண்களையே ஆசிரியை ஆக்குவது என்று ஒரு திட்டம் வந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களுக்கு நேர்காணலுக்குக் கடிதம் வரும், பிறகு பயிற்சி, பிறகு வேலை. நம் மலைநாட்டில் அந்தக் காலத்தில் பத்தாவது முடித்த பெண்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், அதில் ஒருத்தி உன் அம்மா. விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். இதே வாசற்படியில்தான். அவள் சாமை புடைத்துக்கொண்டே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இன்னா கட்டம், உட்டுட்டீங்க?" என்றாள். "கதவு எண். நம்ம ஊருல இருக்கறதே பதினோரு வூடு, நம்பர் ஏது? உடு" என்றேன். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

திருப்பத்தூரில் பரீட்சை. ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மூன்று பேரும் இறங்கினோம். நீ வழியெல்லாம் வாந்தி எடுத்தாய். அவள் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, நான் உனக்கு பன் வாங்கிக் கொடுத்து வெளியே வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. "எல்லாம் எழுதிட்டேங்க. ஒரு கணக்குதான் சந்தேகம். ரெண்டு கொழாயி, ஒரு தண்ணித் தொட்டி, எவ்ளோ நேரத்துல ரொம்பும்னு கேக்கறான். கொழாயே இல்லாத ஊருக்காரிக்கிட்ட கொழாயிக் கணக்கு!" என்று சிரித்தாள். விடையைக் கேட்டேன். சொன்னாள். சரியாகத்தான் இருந்தது. சரிதான் என்று சொன்னேன்.

அந்தப் பரீட்சையின் விவரங்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கே வந்தன. தேறியவர்களுக்குக் கடிதம் அச்சடிக்கிற புரோகிராமை எழுதியது நான்தான். இது உனக்குத் தெரியாது. அதில் ஒரு இடம். கதவு எண் காலியா என்று பார்க்க வேண்டும். காலி என்றால் கதவு எண்ணை அச்சுக்கு எடுத்துப் போகிற வரியைத் தாண்டிவிட வேண்டும். தாண்டுவதற்கு ஒரு லேபிள் வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. குதிக்கிற கட்டளையின் நீளம் நாலு பைட், அடுத்த வரி நாலு பைட், ஆக "*+8" என்று போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன். அது ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு சாமை அறுப்புக்கு லீவு போட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டேன். நான் இல்லாத அந்த வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு மாற்றம் கேட்டார்கள். சிலர் எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கடிதம் அடிக்காதே என்று. என் பக்கத்து மேஜை தனசேகரன் அதைச் செய்தான். நல்ல பையன், விதித்தாளை அப்படியே பின்பற்றுகிறவன். விலகிக்கொண்டவரா என்று ஒரு வரி, ஆம் என்றால் அடுத்த ஆளுக்குப் போ என்று ஒரு வரி, இரண்டையும் சேர்த்தான். என் குதிக்கும் வரிக்கும் அது தாண்ட வேண்டிய வரிக்கும் நடுவில் சேர்த்தான். அந்த இடத்தில் ஒருவன் குதித்துப் போகிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போய் விழுகிற இடத்தில் நான் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

இப்போது நீயே ஒரு தாளில் எழுதிப் பார். கதவு எண் காலியா? ஆம். எட்டு பைட் தள்ளிக் குதி. தனசேகரனின் கேள்வி வரியைத் தாண்டியாயிற்று. விழுந்த இடம் அவனுடைய இரண்டாவது வரி: ஆம் என்றால் அடுத்த ஆளுக்குப் போ. இயந்திரத்துக்குக் கடைசியாகக் கிடைத்த பதில் இன்னும் ஆம் தானே? அது போய்விட்டது. கதவு எண் இல்லாத ஒவ்வொருவரையும் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவராக நினைத்துக்கொண்டு போய்விட்டது. கதவு எண் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தனசேகரன் சோதித்துப் பார்த்த கார்டுகளில் இருந்ததெல்லாம் மெட்ராஸ் விலாசம். மலையில் எந்த வீட்டுக்கு எண் இருக்கிறது, சொல்.

உன் அம்மா காத்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் தபால் வருகிற கடைக்கு நடந்து போவாள். புளி கொண்டுபோகிறேன், உப்பு வாங்குகிறேன் என்று ஏதாவது சாக்கு. கடைக்காரர், "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்பார். ஒரு மாதம் போனாள், இரண்டு மாதம் போனாள், பிறகு நிறுத்திவிட்டாள். நான் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பட்டியலைப் புரட்டியிருக்கலாம். பெண்டாட்டிக்காகச் சிபாரிசுக்கு வந்தான் என்று ஒருத்தன் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று வீம்பாக இருந்தேன். மலைக்காரன் நேர்மையாக இருந்தான் என்று பெயர் வாங்க வேண்டுமாம் எனக்கு. அவள் மட்டும் எப்போதாவது, அடுப்பூதிக்கொண்டே, "ஏங்க, அந்தத் தொட்டிக் கணக்கு சரின்னுதானே சொன்னீங்க?" என்பாள். "சரிதான்" என்பேன். "அப்பறம் எப்படிங்க பெயிலு?" என்பாள். எனக்கு அப்போது உண்மையிலேயே தெரியாது.

அடுத்த வருஷம் தெரிந்தது. அதே புரோகிராமை மறுபடி ஓட்ட வேண்டும் என்று லிஸ்டிங் எடுத்துக் கொடுத்தார்கள். டிபன் முடித்துவிட்டு நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தேன். என் "*+8", அதற்குக் கீழே தனசேகரனின் இரண்டு வரிகள். அது போய் விழுகிற இடத்தை விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். பழைய டேப்பைப் போட்டு, தேறியும் கடிதம் அடிக்கப்படாதவர்களை மட்டும் ஒரு தாளில் இறக்கினேன். எல்லாம் நம் பக்கத்து ஊர்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரு பக்கம் முழுக்க மலைப்பெண்கள். நடுவில் உன் அம்மா. அவளைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள் அந்தப் பக்கத்தில் வேறு ஒருத்தியும் இல்லை. கணக்கில் முழு மதிப்பெண். தொட்டியும் ரொம்பியிருந்தது, குழாயும் சரியாக ஓடியிருந்தது.

அதே மாதம் ஒரு அதிகாரி எங்கள் ஆபீஸுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே, "மலைக்காரங்களுக்கு எடம் ஒதுக்கினா இன்டர்வியூக்கு ஒருத்தியும் எட்டிப் பாக்கலைங்க. அவங்களுக்கே அக்கறை இல்ல, நாம இன்னா பண்றது?" என்று சொன்னார். நான் அங்கேதான் நின்றேன். என் சட்டைப் பையில் அந்தத் தாள் மடித்து இருந்தது. எடுத்து நீட்டியிருக்க வேண்டும். நீட்டினால் யார் எழுதிய வரி என்று கேட்பார்கள், சுவரில் ஒட்டிய விதியை ஏன் மீறினாய் என்று கேட்பார்கள், மலைக்காரனை நாற்காலியில் உட்கார வைத்தால் இதுதான் என்று சொல்வார்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன், மகனே. வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை, வெறும் பயம். குதிக்கிற இடத்துக்கு ஒரு லேபிள் வைத்தேன், விதித்தாள் சொன்னபடியே, மூன்று எழுத்து, அதற்குப் பிறகு எண். வலது பக்கக் குறிப்பில் லேபிள் சேர்க்கப்பட்டது என்று மட்டும் எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. அந்த வருஷத்திலிருந்து மலைக்குக் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. முந்தைய வருஷத்துப் பெண்களுக்கு யாரும் எதுவும் அனுப்பவில்லை. அவர்கள் எல்லாரும் தோற்றதாகவே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள், சிலர் இன்னும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடக் கேவலமானது இனிமேல்தான். அந்த லீவில் மலைக்கு வந்து உன் அம்மாவிடம், இந்த வருஷமும் விண்ணப்பம் வந்திருக்கிறது, இன்னொரு முறை எழுது என்று சொன்னேன். வயதும் தாண்டவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒருவாட்டி பாத்துட்டு வேணாம்னுட்டாங்க இல்ல? மறுக்கா போயி நின்னு அசிங்கப்படணுமா? எனக்கு அவ்ளோதாங்க மண்டை. உடுங்க" என்றாள். நீ தேறினவள் என்ற ஒரு வாக்கியம்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் மறுநாள் காலை முதல் ஜீப்பில் ஏறியிருப்பாள். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள், யார் செய்தது என்று கேட்பாள். "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனேன். மறுநாள் நீல பெயிண்ட் வாங்கி வந்து நம் கதவில் 1 என்று எழுதினேன். இந்த ஊரில் நம் வீட்டுக்கு மட்டும் ஏன் நம்பர் இருக்கிறது என்று நீ எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். அவளும் கேட்டாள். "சும்மாதான்" என்றேன். ஊரே சிரித்தது. அந்த எண் இப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பாதி உரிந்துபோய்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். நம் ஊர்ப் பள்ளிக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பெண் டீச்சராக வந்தாள். உன் அம்மா அதே பள்ளிக்கூடத்தில் சோறாக்கப் போனாள். அடுப்படியில் இருந்தபடியே பிள்ளைகளின் கணக்கைத் திருத்துவாள் என்றும், டீச்சர் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பாள் என்றும் நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள், அல்ஜீப்ரா சொல்லித்தர உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளை, "நீயே பெயிலு, நீ இன்னா எனக்குச் சொல்லித் தர்றது?" என்று கேட்டுவிட்டாய். உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை, நான் பக்கத்தில் புளிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கோபப்படவே இல்லை. "ஆமாண்டா, நான் பெயிலுதான். அதான் உன்ன பாஸாவச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தாள். உன்னை அறைந்திருக்க வேண்டியவன் நான் இல்லை. அறை வாங்க வேண்டியவன் நான். குனிந்த தலை நிமிராமல் கொட்டையை உடைத்துக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் காய்ச்சலில் அவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோமே, பாதி வழியில் நிழலில் இறக்கி வைத்தோம். நீ தண்ணீர் கொண்டுவரப் போனாய். அப்போது அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. "புள்ள பெரிய வேலைக்குப் போவாங்க. உங்க மூளை. என்னுது வந்திருந்தா கஷ்டம்தான்" என்றாள். என் மூளை! அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வரட்டும், நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். நீ தண்ணீரோடு வந்தாய். அவள் குடித்தாள். அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. அவள் பெட்டியில் அந்தப் பரீட்சை ஹால் டிக்கெட் பத்திரமாக இருந்ததைப் பார்த்து, தோற்ற பரீட்சையின் சீட்டை எதற்கு வைத்திருந்தாள் என்று நீ கேட்டாய். நான் வெளியே எழுந்து போனேன்.

பம்பாயில் நீ நிறைய எழுதுவாய். உன் வரிகளுக்கு நடுவில் உனக்குத் தெரியாத யார் யாரோ வந்து நுழைவார்கள், நீ லீவில் இருப்பாய், அல்லது உயிரோடே இருக்க மாட்டாய். அவர்களுக்காக ஒரு பெயர் எழுதி வை. எட்டு எழுத்து எழுதக் கை ஒடிந்துவிடாது. அந்தக் கார்டுகளில் இருக்கிறவர்கள் எங்கேயோ ஒரு கடை வாசலில் தபாலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். தப்பு செய்தால், செய்வாய், எல்லாரும் செய்வோம், அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், ஊருக்கு வா, சாமை விதைக்கலாம். நான் அப்படி வந்திருந்தால் நம் வீட்டில் ஒரு டீச்சர் சம்பாதித்திருப்பாள், அவள் எனக்குச் சோறு போட்டிருப்பாள். இது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தத் தாளை இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் அவள் பெயரும் மதிப்பெண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. அவள் பெயர் இருக்கிற துண்டை இதோடு வைத்திருக்கிறேன். மீதித் தாளை என்னிடமே வைத்துக்கொண்டேன். அதில் இருக்கிற ஒவ்வொரு ஊராகப் போய், இருக்கிறவர்களிடம் சொல்லப் போகிறேன். சிலர் அடிக்க வரலாம், வரட்டும்.

இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்காமல் போகலாம். அதை நான் தடுக்க முடியாது. ஆனால் ரயில் ஏறுவதற்கு முன் ஒரு முறை, எனக்காக வேண்டாம், அவளுக்காக மலைக்கு வா. அவளைப் புதைத்த நிலத்து மேட்டுக்கு இந்த வாரம் மூன்று முறை போனேன். மூன்று முறையும் வாய் திறக்காமல் திரும்பி வந்தேன், மண்ணாகிப் போனவளிடம்கூடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ கூட இருந்தால் ஆரம்பித்துவிடுவேன். கதவு எண்ணிலிருந்து ஆரம்பிப்பேன். பாதியில் என் குரல் நின்றுவிட்டால் மீதியை நீ சொல்லிவிடு. நிறைய ஒன்றும் இல்லை. குனிந்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி, "யம்மா, நீ பாஸும்மா" என்று சொன்னால் போதும்.

உன் அப்பா